மகள் வாசல் தண்ணீர்

தாப்பூவுக்கு முன்னால் வரிசையாகப் பெண்களே பிறந்திருந்தார்கள். அலுத்துப்போன அப்பா அவளுக்கு வைத்த பெயர்தான் தாப்பூ. நம் பக்கத்தில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதேதான். பெயர்தான் போதும், ஆளுக்கு எதுவும் லேசில் போதாது. பார்மேர் மணல்காட்டில் மகளைப் பெற்றவர்கள் தலைகுனிந்து நிற்பதுதான் வழக்கம். இவளோ, மகள் இமர்த்தி பள்ளிக்கூடம் முடிக்காமல் புருஷன் வீட்டுக்கு வரமாட்டாள் என்று, அழைத்துப்போக வந்த சம்பந்தியின் ஒட்டகத்தை வாசலோடு திருப்பி அனுப்பியவள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த இமர்த்தி இப்போது ஜெய்சல்மேர் பாலைவனத் தேசியப் பூங்காவில் வனக்காவலர். புருஷன் குஜராத்தில் லாரி ஓட்டுகிறான். வேலியோரம் வேலைக்காகக் கொடுத்த ஒற்றையறை வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். தாப்பூ ஒருமுறைகூட அங்கே போனதில்லை. ஆசை இல்லாமலா? கட்டிக்கொடுத்த மகள் வாசலில் பிறந்த வீட்டார் பச்சைத்தண்ணீர் தொடக்கூடாது, அது அங்கே கட்டு. நாக்கு வறளப் போய் நாக்கு வறளத் திரும்புவதெல்லாம் ஒரு போக்குவரத்தா என்று அவளுக்கு ஆத்திரம்.

ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. இமர்த்தி பிறந்தபோது தாப்பூவின் அப்பா சித்திரை வெயிலில் நடந்தே வந்தார். அவள் நீட்டிய செம்பைத் தொட்டு ஆசீர்வாதம் செய்து கீழே வைத்துவிட்டு, வெடித்த உதட்டோடு அப்படியே திரும்பிப் போனார். அடுத்த கோடைக்கு அவர் இல்லை. பெயரை எப்படி வைத்திருந்தாலும் அவ்வளவு தூரம் நடந்து வந்த மனிதர் அவர். அந்தச் செம்புத் தண்ணீரைக் கொட்டவும் மனமில்லாமல், குடிக்கவும் முடியாமல் தாப்பூ அன்று பொழுது சாயும்வரை வைத்திருந்தாள்.

இந்த ஆவணியில் ராம்தேவ்ரா கோயிலுக்குப் போன ஜீப், வந்ததுதான் வந்தோம் என்று பூங்காவுக்கும் திரும்பியது. ஜீப்பில் தாப்பூ, அவள் ஓரகத்தி கேளி, கேளியின் புருஷன் ருகாராம். அவர் தாப்பூவுக்கு மூத்தார், புருஷனின் அண்ணன். மூத்தாரின் முன்னால் முகம் காட்டுவதும் நேராகப் பேசுவதும் கிடையாது. எல்லாம் கேளி வழியாகத்தான்.

ஈரச் சாக்கு சுற்றிய தண்ணீர்க் கேனை ருகாராம் தாப்பூவின் பக்கம் தள்ளினார். "கேளி, அவகிட்ட சொல்லு. மக வாசல்ல போயி தாகம்னு பல்லக் காட்டக்கூடாது. கேன் நிறைய இருக்கு."

முகத்திரைக்குள்ளிருந்து பதில் வந்தது. "அக்கா, அவருகிட்ட சொல்லு. தொண்டை என்னோடது."

"நான் என்ன தபால்காரியாடி உங்க ரெண்டு பேருக்கும்?" என்றாள் கேளி.

காக்கிச் சட்டையும் கழுத்தில் தொலைநோக்கியுமாக இமர்த்தி வேலிக் கதவைத் திறந்தாள். ருகாராம் இறங்கியதும் பீடி பற்றவைத்தார்.

"பெரியப்பா, பீடிய அணைங்க. சத்தமாவும் பேசாதீங்க. உள்ள கானமயில் முட்டை வச்சிருக்கு."

"என்னம்மா, கோழிப் பண்ணைக்கா வந்திருக்கோம்?"

"கோழி கூடை நிறைய வைக்கும் பெரியப்பா. இது ஒண்ணே ஒண்ணுதான் வைக்கும். அதையும் வெறுந்தரையில."

முணுமுணுத்துக்கொண்டே பீடியைச் செருப்பில் தேய்த்தார். தூரத்துப் புல்லுக்குள் ஒரு கானமயில் தலையை நிமிர்த்தி, அவசரமே இல்லாமல் நடந்து போனது.

"கழுத்தப் பாரு, குனிவேனாங்குது. நம்ம தாப்பூவேதான்!" என்று கேளி கிசுகிசுத்தாள். தாப்பூ சிரித்தாள். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது பறவையை இல்லை, முன்னால் நடந்த காக்கி முதுகை. தான் பெற்றதா இது என்று நெஞ்சு பூரித்தது.

சுற்றிவிட்டு வீட்டு வாசலுக்கு வந்தார்கள். இமர்த்தி உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு கையும் நீளவில்லை.

"பெரியப்பா, இது மாமனார் வீடு இல்ல. என் வேலைக்குக் குடுத்த வீடு. என் கையால இறைச்ச தண்ணி."

"மக இருக்கிற இடம் மருமகன் வீடுதான். சட்டை மாறிட்டா சாத்திரமும் மாறிடுமா? வை கீழ."

இமர்த்தி செம்பை வைக்கக் குனிந்தாள். அந்தக் குனிவைத்தான் தாப்பூவால் பொறுக்க முடியவில்லை.

"வைக்காதடி!"

ஜீப்பிலிருந்து கேனை இறக்கினாள். வேலிக்கு வெளியே ஆடுகளுக்கான தொட்டி இருந்தது. அங்கே போய்க் கவிழ்த்தாள். ஆடுகள் ஓடிவந்தன.

"ஏய், ஏய்! ஊர் போய்ச்சேர வச்சிருந்த தண்ணி!" என்று ருகாராம் கத்தினார்.

காலிக் கேனை அவர் காலடியில் வைத்துவிட்டு, மகள் கையிலிருந்த செம்பை வாங்கி அண்ணாந்தாள் தாப்பூ. முகத்திரை வழுக்கித் தோளில் விழுந்தது. எடுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"கேளி, அவகிட்ட சொல்லு..." என்று ருகாராம் ஆரம்பித்தார்.

"அக்காவ விடுங்க, பாவம். எதுவா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லுங்க, மூத்தாரே."

வாழ்நாளில் முதல்முறையாக அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்த ருகாராம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொட்டியைப் பார்த்தார். ஆடுகள் இன்னும் குடித்துக்கொண்டிருந்தன.

"தூரம் கெடக்கு, வெயிலும் கெடக்கு. வழியில நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா என் மக வாசல் இதுதான், கூச்சப்படாம திரும்பி வாங்க" என்றாள் தாப்பூ.

பிறகு வெறும் செம்பை இமர்த்தியிடம் நீட்டினாள்.

"இது எனக்கு. இன்னொரு செம்பு கொண்டா. எங்கப்பனுக்கும் நானே குடிச்சிடுறேன்."