இன்னொரு காது பாக்கி

சொந்தமாகக் கேமரா வாங்குவதற்கு முன்பே, மற்றவர்கள் எடுத்த படங்களைத் திட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது. மதுரையில் ஓர் ஆல்பம் கடையில் டிசைனிங் வேலை. ஊரில் நடக்கிற கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் புத்தகமாகும். மங்கலாக எடுத்துவிட்டு, "கொஞ்சம் ஷார்ப் பண்ணிக் குடும்மா" என்று கூசாமல் வந்து நிற்பார்கள். முகம் கறுத்திருந்தால் வெளுக்க வைக்கலாம். கண்ணை மூடியிருந்தால் வேறு படத்திலிருந்து கண்ணைக் கொண்டுவந்து ஒட்டலாம், நிறைய ஒட்டியிருக்கிறேன். ஃபோகஸ் விட்ட படத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் போட்டோகிராபர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

பைண்டிங்கில் இருந்த என் சிநேகிதி செல்வராணிதான் ஒருநாள் அலுத்துப்போய், "அம்புட்டுப் பேரையும் கொறை சொல்றியே, நீயே எடுக்க வேண்டியதுதானே" என்றாள். ரோஷம் வந்தது. பின்னாலேயே ஒரு மிரர்லெஸ் கேமராவும், ஒரு ஃபிஃப்டி எம்.எம். லென்ஸும் வந்தன.

பச்சைக் கட்டம்

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிதான் பள்ளிக்கூடம். என் வீட்டுக்காரர் முதலில் தலையெல்லாம் சீவிக்கொண்டு வந்து நின்றார். போகப் போகக் கேமராவைக் கண்டாலே பால் வாங்கக் கிளம்பிவிடுவார். கொடியில் காய்கிற துணி, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து மாடி நாய் என்று எதையும் விடவில்லை. ஐ.எஸ்.ஓ. ஏறினால் படத்தில் புள்ளி விழும், ஷட்டர் ஸ்பீடு குறைந்தால் ஆள் இழுபடுவார், அப்பர்ச்சரை அகலமாகத் திறந்தால் பின்னணி கரைந்துபோகும். இவையெல்லாம் ஆல்பம் மேசையில் நான் பார்த்த வியாதிகள்தான். எப்படி வருகின்றன என்பது இப்போதுதான் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பச்சைக் கட்டம். ஆளை நோக்கிக் கேமராவைத் தூக்கினால் போதும். அதுவே கண்ணைத் தேடிப்போய் ஒரு பச்சைக் கட்டம் போட்டு ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதை எப்படி மாற்றுவது, எப்படி நிறுத்துவது என்று மெனுவில் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒழுங்காக வேலை செய்கிறவனிடம் எதற்குக் கேள்வி கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓர் ஆள் உயர முகம்

முதல் வேலையும் செல்வராணி கொடுத்ததுதான். அவளுடைய மகனுக்குக் காதுகுத்து, சோழவந்தானில் ஒரு சின்ன மண்டபம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. செல்வராணிக்கு ஒரே அண்ணன், வீரணன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அவள் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியபோது வாசலில் வைத்த ஃப்ளெக்ஸில் மாமன், மச்சான், சித்தப்பன் என்று சகலரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் படம் மட்டும் இல்லை. அச்சடித்த கடைக்காரர் செய்த தவறு. வீரணன் தெருமுனையிலேயே பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. வளைகாப்புக்கு வரவில்லை, பிள்ளை பிறந்தும் பார்க்க வரவில்லை.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். வேறு மடி கிடையாது. செல்வராணி ஆள் மேல் ஆள் விட்டு, கடைசியில் சம்மதம் வாங்கிவிட்டாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மத்த போட்டோ வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எங்கண்ணன் மடியில எம்புள்ள இருக்கது மட்டும் தப்பிறக் கூடாது. மறுபடி எப்ப வருமோ தெரியாது அந்த ஆளு."

பழைய குறையைத் தீர்க்க அவள் அடித்திருந்த ஃப்ளெக்ஸ் மேடையின் பின்சுவரையே அடைத்திருந்தது. நடுவில் வீரணன் முகம் ஓர் ஆள் உயரத்துக்கு, மீசையோடு நேராகப் பார்த்துச் சிரித்தது. மற்ற உறவெல்லாம் அதைச் சுற்றி ஸ்டாம்பு அளவில்.

சீர்த்தட்டுகளோடு வந்த வீரணன் அதை அண்ணாந்து பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "வாண்ணே" என்று எதிரே போன தங்கைக்கு ஒரு தலையாட்டல்தான் கிடைத்தது. நேரே மேடை ஏறி, அந்தப் பெரிய முகத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வலது காது

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையை அவர் மடியில் வைத்தார்கள். ஆசாரி வலது காதில் கம்பியை ஏற்றினார். பிள்ளை வீறிட்டது. நான் அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. பச்சைக் கட்டமும் ஜோராக விழுந்துகொண்டிருந்தது.

பிள்ளைக்கு மூச்சு முட்டவும், கொஞ்சம் தேறட்டும் என்று ஆசாரி நிறுத்தி, வாயில் சர்க்கரை வைத்தார். அந்த இடைவெளியில் எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃப்ளெக்ஸ் வீரணனின் மீசை முடி ஒவ்வொன்றும் எண்ணலாம் போல இருந்தது. நாற்காலி வீரணன், பிள்ளை, காது எல்லாம் ஒரே மங்கல். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. நடந்தது புரிந்துவிட்டது. அவர் பிள்ளையைப் பார்த்துக் குனிந்திருந்தார், பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. நேராகப் பார்த்துச் சிரித்தவர் ஃப்ளெக்ஸில் இருந்தவர் மட்டும்தான். கேமரா அவரைப் பிடித்துக்கொண்டது.

வலது காது போனது போனதுதான், திரும்பக் குத்தச் சொல்ல முடியாது. இன்னொரு காது பாக்கி இருந்தது. மெனுவைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது, அந்தக் கட்டத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஆசாரி கம்பியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். வேறு வழியில்லாமல் மேடை ஏறினேன்.

"அண்ணே, கேமரா உங்களப் பாக்க மாட்டேங்குது. பின்னாடி படத்துல இருக்கவரத்தான் பாக்குது. அதக் கொஞ்சம் மறைச்சா நல்லாருக்கும்."

செல்வராணி வீட்டுக்காரர் என் காதருகே வந்து, ஃப்ளெக்ஸில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கெஞ்சினார். செல்வராணிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. வீரணன் கையை நீட்டினார். கேமராவைக் காட்டினேன். பெரிய தன்னையும் மங்கிய தன்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தங்கை பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, இம்புட்டுப் பெருசாவா போடுவ?"

"சின்னதாப் போட்டா வர மாட்டியேண்ணே."

அவர் வாய்க்குள் ஏதோ முனகினார். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேடையோரம் நின்றவர்களிடம், "அவுத்து விடுங்கப்பா அத" என்றார். கயிறு அவிழ்ந்து அவர் முகம் சரசரவென்று தரையில் மடிந்து விழுந்தது. பின்னால் தெரிந்தது காரை பெயர்ந்த சுவரும், 'எச்சில் துப்பாதீர்' என்ற எழுத்தும்.

"நீ என்ன அங்கிட்டு நிக்கிற? வந்து புள்ள காலப் புடி" என்றார் தங்கையிடம்.

இடது காது எனக்குக் கிடைத்தது. பிள்ளையின் வாய் முழுதாகத் திறந்திருக்கிறது. செல்வராணியின் ஒரு கை பிள்ளையின் காலில், இன்னொரு கை அண்ணன் தோளில். குத்துவதைப் பார்க்கப் பொறுக்காமல் வீரணன் இரண்டு கண்களையும் இறுக மூடியிருக்கிறார், இமையோரம் ஈரம். மூடிய கண்ணுக்கு வேறு கண் ஒட்டுவேன் என்று மேலே சொன்னேன். இந்தப் படத்தில் நான் கை வைக்கவில்லை. சுவர் எழுத்தைக்கூட அழிக்கவில்லை.

அன்று வீடு திரும்பியதும் முதல் வேலையாக மெனுவை அடி முதல் நுனி வரை படித்தேன். புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தானாக நடக்கிறது என்று மெச்சுகிற ஒவ்வொன்றையும் எப்படி நிறுத்துவது என்று முதலில் கற்றுக்கொள்ளுங்கள். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். தப்பாகிவிட்டால் மேடை ஏறிச் சொல்லிவிடுங்கள்.

வீரணனுக்கும் ஓர் ஆல்பம் கொடுக்கச் சோழவந்தானில் அவர் வீட்டுக்குப் போனபோது அங்கே செல்வராணியும் இருந்தாள். அந்த ஃப்ளெக்ஸ் ஆட்டுக் கொட்டகைக்கு மேல் மழைக்காகச் சரிவாகக் கட்டப்பட்டிருந்தது. கொட்டகைக்கு முன்னால் அவர், தோளில் மருமகன், வாயில் வெற்றிலை. ஒன்று எடுத்துக்கொள்கிறேன் அண்ணே என்று கேமராவைத் தூக்கினேன். பச்சைக் கட்டம் நேரே கொட்டகைக் கூரையில் சிரித்த பெரிய முகத்துக்குத்தான் ஓடியது. கட்டைவிரலால் அதை இறக்கிக் கொண்டுவந்து, பிள்ளையைத் தோளில் வைத்திருந்தவர் மேல் வைத்தேன்.