லேபிளின் மூலையில் ஒரு பொட்டு

பத்ரிக்குப் பயம் என்பது காய்ச்சல் மாதிரி வந்து போகிற சமாச்சாரம் இல்லை, கூடவே குடியிருந்தது. கும்பகோணத்திலிருந்து புனேவுக்கு வேலைக்கு வந்தவன், கட்கியில் வாடகை வீடு. காலையில் கிளம்பினால் கேஸை மூடினோமா என்று பாதிப் படி இறங்கித் திரும்ப ஏறுவான். "மூடியாச்சு, போங்கோன்னா!" என்று மனைவி ப்ரீதி உள்ளேயிருந்தே கத்துவாள். அப்படியும் எட்டிப் பார்க்காமல் போகமாட்டான். நல்ல மனுஷன்தான். ஆனால் அவனோடு குடித்தனம் பண்ணத் தனித் தெம்பு வேண்டும்.

போசரியில் பட்டாபிராமன் என்பவர் காருக்கான பிரேக் குழாய் செய்யும் சின்ன ஃபாக்டரி வைத்திருந்தார். அங்கே சரக்கு அனுப்புகிற பொறுப்பு பத்ரிக்கு. இரண்டாயிரத்து ஏழில் சாக்கணில் ஒரு பெரிய கம்பெனி ஆர்டர் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு பெட்டியிலும் க்யூஆர் கோடு ஒட்டியிருக்க வேண்டும். இன்றைக்குப் பூக்காரி கூடையில்கூடத் தொங்குகிறதே, அதே கறுப்பு வெள்ளைக் கட்டம்தான். அன்றைக்கு அது யாருக்கும் புரியாத வஸ்து. வாங்குகிறவர்கள் ஸ்கேனரைக் காட்டுவார்கள். படித்தால் பெட்டி உள்ளே போகும். படிக்காவிட்டால் லோடு மொத்தமும் திரும்பி வரும்.

"முதல் லோடே திரும்பிடுத்துன்னா அவ்வளவுதான் பத்ரி. ஷட்டரை இழுத்துட்டு எல்லாரும் ஊரைப் பாக்கப் போகவேண்டியதுதான்" என்றார் பட்டாபிராமன். இதையெல்லாம் யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்று ஒரு விவஸ்தை வேண்டாமோ?

பத்ரிக்குத் தூக்கம் போயிற்று. லேபிள் அச்சடிக்கும் லலிதாவை, "இன்னொரு தரம் பாரும்மா" என்று பாடாய்ப் படுத்தினான். "நேத்தே எல்லாம் பாத்தாச்சு சார், ஆளை விடுங்க!" என்று அவள் கும்பிடாத குறை.

லோடு கிளம்பிய நாள் ஆயுத பூஜை. மராட்டிக்காரர்களுக்குக் கண்டே நவமி. மெஷினுக்கெல்லாம் சாமந்தி மாலை போட்டு, ஸ்கேனரையும் பிரிண்டரையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்து எல்லோரும் பேடா வாங்க முண்டிக்கொண்டிருந்தபோது, பத்ரி குழைத்த குங்குமத்தோடு லாரியில் ஏறினான். கல்யாணப் பத்திரிகையிலிருந்து புதுச் சட்டை வரை மூலையில் தடவிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு லேபிளிலும், அந்தக் கட்டத்தின் மேல் மூலையில் அழுத்தமாக ஒரு பொட்டு. "ஈஸ்வரா, எல்லாம் படிக்கணும்." டிரைவர் காசிம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சாமி விஷயம், நமக்கேன் என்று பேசாமல் வண்டியை எடுத்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, லாரி சாக்கணுக்குப் போயிற்று.

படத்தடியிலும் ஒரு லேபிளை ஒட்டிப் பொட்டு வைத்திருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே பேடாவை வாயில் போட்டவனுக்குச் சட்டென்று, இந்தக் கோடு பற்றிப் பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னது ஞாபகம் வந்தது. நடுவில் கொஞ்சம் அழுக்கானாலும் கோடு சமாளித்துக்கொள்ளும். மூலையில் இருக்கிற மூன்று சதுரத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது. அது கெட்டால் மெஷினுக்குத் தலையும் தெரியாது, காலும் தெரியாது.

பேடாவை அப்படியே விழுங்கிவிட்டு ஓடினான்.

"லலிதா, ஸ்கேனரை எடு!"

"ஐயையோ, பூஜையில வச்சது சார், இன்னிக்குத் தொடக்கூடாது!"

"பாவமெல்லாம் என் தலையில. எடும்மா!"

காட்டினார்கள். படித்தால் வருகிற 'பீப்' சத்தமே இல்லை. திருப்பிக் காட்டினார்கள். ஊஹும். பிரிண்டரின் மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு அத்தனை லேபிளையும் லலிதா மறுபடி அச்சடித்தாள். காசிமுக்குப் போன் மேல் போன், எடுக்கவில்லை. புது லேபிள்களோடு பத்ரி ஸ்கூட்டரில் பறந்தான். நாசிக் ரோடு முழுக்க தசராவுக்குப் பூ வாங்குகிற கூட்டம். பட்டாபிராமனுக்கு என்ன பதில் சொல்வது, லலிதா வீட்டில் அடுப்பு எப்படி எரியும், எல்லாம் என்னால், என்னால் என்று வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே போனான்.

சாக்கணில் லாரி கேட்டுக்குள் நின்றது. பக்கத்தில் காசிம் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, படிச்சுதா? திருப்பிட்டாளா?"

"எங்க சார் படிக்கறது? இவங்க மெஷினும் பூஜையில உக்காந்திருக்கு. நாளைக்கு தசரா லீவு. அதுக்கப்புறம்தான் கையில எடுப்பாங்களாம். அதுவரைக்கும் பெட்டி வண்டியிலயே இருக்கட்டும்னுட்டாங்க."

பத்ரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிறகு இருவருமாக ஏறி, பழைய லேபிள் ஒவ்வொன்றின் மேலும் புதுசை ஒட்டினார்கள். தசரா கழிந்து ஒரு பெட்டி பாக்கியில்லாமல் படித்தது. ஆர்டரும் நிலைத்தது.

பட்டாபிராமன் பத்ரியின் முதுகில் தட்டி, "உன்னை மாதிரி ஜாக்கிரதையான ஆளு எங்கே கிடைப்பான்!" என்றார். அதை வீட்டில் வந்து சொன்னான். குங்குமக் கதையையும் மறைக்காமல் சொன்னான்.

ப்ரீதி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"ஏன்னா, கவலையே படாத ஒரு தடியன் அனுப்பியிருந்தா அந்த லோடு தன் பாட்டுக்குப் போயிருக்கும். வழியை மறிச்சுண்டு நின்னது உங்க பயம்தான். நம்மாத்துலயும் எதுக்குக் கிளம்பினாலும் அதேதான் நடக்கறது. உங்களுக்குத் தெரியவே இல்லை."

பத்ரிக்குச் சுரீர் என்றது. மறுத்துப் பேச வாயெடுத்தான். பிறகு கேஸை எட்டிப் பார்க்க எழுந்தவன், பாதியில் நின்று திரும்பி வந்து உட்கார்ந்தான்.