நடுக்கம் நிற்காத எஞ்சின்

இராயப்புவின் வலது தோளில் நெல் மூட்டை சரிந்து விழுந்த பிறகு அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. கம்பு ஊன்றித் தோணி விடுகிறவனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? பட்டணத்துத் துறையிலிருந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு ஆளும் சாமானும் ஏற்றுவதைத் தவிர வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. எங்கேயோ ஒரு பழைய எஞ்சினைத் தேடிப் பிடித்துத் தோணியின் பின்பலகையில் பூட்டினான். அந்த எஞ்சின் இருந்தபடியால்தான் தோணித் தொழிலில் நின்றான்.

செட்டிபாளையத்தில் இருந்த அவனுடைய மச்சினன், தென்னந்தோட்டத்துக்குக் காவலுக்கு வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "தேங்காய்க்குக் காவல் இருக்கவா என்னப் பெத்தது?" என்பான் இராயப்பு.

எழுபத்திமூன்றாம் ஆண்டு மாரிமழையில் தோணி கவிழ்ந்து எஞ்சின் வாவிக்குள், எங்கள் பேச்சில் ஆற்றுக்குள், போயிற்று. ஆள் வைத்துத் தண்ணீருக்குள் சுழியோடி எடுத்து என்னிடம் கொண்டுவந்தான். துறையடியில் எஞ்சின் பட்டறை வைத்திருந்த அவனுடைய கூட்டாளி நான். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. முழுதாகக் கழற்றி, உப்பைச் சுரண்டி, செத்துப்போன இன்னொரு எஞ்சினிலிருந்து, தண்டு சுழலத் தாங்கும் பெயரிங் எடுத்துப் போட்டுப் பூட்டினேன். பீப்பாத் தண்ணீரில் வைத்து ஓட்டினோம். மூடிமேல் வைத்த தேத்தண்ணிக் கிளாசு அசையவில்லை. சிரித்துக்கொண்டு கொண்டுபோனான்.

ஒரு மாதம் போக, திரும்பி வந்தான்.

"மச்சான், மிசின் உதறுது. ஏறின பொம்பிளையள் பல்லெல்லாம் ஆடுதெண்டு இறங்கிப் போறாளுகள்."

"எப்ப இருந்து?"

"கொண்டு போனதில இருந்து."

"அப்ப இவ்வளவு நாளும் என்னத்துக்குடா ஓட்டினாய்?"

"புதுசாப் பூட்டினது உதறும், மறுகா ஓட ஓடப் படியும் எண்டு நினைச்சன்."

தண்ணீரைத் தள்ளும் புரொப்பெலரைக் கழற்றி வைத்துவிட்டுப் பீப்பாவில் ஓட்டினேன். உதறியது. அப்போ பிழை அதில் இல்லை. பின்பலகையைப் பிடிக்கிற இடத்து ரப்பரை எடுத்துவிட்டு, லொறி டயரில் வெட்டிப் போட்டேன். அதற்கும் உதறியது. வேகம் கூடக்கூட உதறலும் கூடியது. சுற்றுகிற ஏதோ ஒன்று ஒரு பக்கம் கனத்துவிட்டது என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. மேல்மூடியைத் திறந்தேன்.

மேலே சுழலும் கனத்த சக்கரம்தான் பிளைவீல். அதன் விளிம்பில் துளை போட்டு, பித்தளை ஆணியால் ஒரு புனிதரின் பதக்கம் இறுக்கியிருந்தது. ஆடாமல் இருக்க அடியில் ஈயம் வேறு.

"ஆர்ரா இது?"

"அந்தோனியார்."

"அது எனக்குத் தெரியுது. பூட்டினது ஆரெண்டு கேக்கிறன்!"

"நான்தான். ஆத்துக்க போனது உயிரோட திரும்பினா மிசினுக்குள்ள வெக்கிறனெண்டு நேர்ந்தனான். தோணியில வெச்சா களவு போயிரும் மச்சான்."

"அதுக்குச் சுத்துற சில்லிலயாடா வெப்பாய்? அவருக்கும் தலை சுத்தியிருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு தன் கையாலேயே கழற்றினான். மறுபடி ஓட்டினேன். உதறல் குறைந்தது, நிற்கவில்லை. எஞ்சினை நிறுத்திப் பிளைவீலைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். கழன்ற பல்லுப் போல ஆடியது. ஒரு பக்கக் கனத்தோடு அவ்வளவு நாள் சுற்றியதில் பெயரிங்கும் தேய்ந்து, பிளைவீலைத் தாங்குகிற கிராங் என்ற தண்டும் தேய்ந்துவிட்டது. கிராங் போனால் எஞ்சின் போயிற்று. கொழும்பு வரைக்கும் ஆள் விட்டு வேறு கிராங் கேட்டோம். இல்லை என்றார்கள்.

"மெல்லமா ஓட்டினா?" என்றான்.

"ஓட்டிப் பாப்பம்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

இருவரும் தோணியில் ஏறினோம். கரையோரம் சமாளித்தது. நடு வாவியில் எதிர்காற்று பிடித்தது. கொஞ்சம் வேகம் கூட்டினான். எஞ்சின் குதித்த குதியில் பின்பலகை நெடுக்கப் பிளந்து தண்ணீர் உள்ளே வந்தது. எஞ்சினைக் கழற்றி உள்ளே இழுத்துப் போட்டோம். அவன் இடக்கையால் தண்ணீர் இறைத்தான். நான் கம்பை எடுத்தேன். தோணி நின்ற இடத்திலேயே வட்டம் அடித்தது.

"சேத்தில ஊண்டித் தள்ளு மச்சான், ஆத்தக் குத்திக் கொல்லாத!"

பொறுக்க மாட்டாமல் கம்பைப் பறித்தான். இடக்கை பிடித்தது. வலக்கை வரவில்லை. கம்பு நழுவித் தண்ணீரில் போயிற்று. அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வலை இழுத்துவிட்டு வந்த எங்கள் துறை மீன்காரன் ஆதம்பாவா கண்டுவிட்டான். "என்னடாப்பா, ரெண்டு பேரும் நடு ஆத்துக்க கூத்தா ஆடுறீங்க?" என்று கத்திக்கொண்டு வந்து கயிறு எறிந்து, எங்களைக் கரைக்கு இழுத்துப்போனான்.

கரையில் இராயப்பு கயிற்றை அவிழ்க்கவில்லை.

"ஆதம்பாவா, இந்தத் தோணிய நீ எடுத்துப் பாவிச்சுக்கொள். பின்பலகையை மட்டும் மாத்து."

"பகிடி விடாத. நீ எதில போவாய்?"

"நான் செட்டிபாளையத்துக்குப் போறன்."

ஆதம்பாவா என்னைப் பார்த்தான். நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமையே இராயப்பு தென்னந்தோட்டக் காவலுக்குப் போய்விட்டான். துறைப்பக்கம் பிறகு அவன் வரவேயில்லை. பட்டணத்தில் ஏதும் அலுவல் என்றால் மனைவி செசீலியாவைத்தான் அனுப்புவான்.