கைராசி கேட்ட அப்பா

அப்பாவுக்குக் கணையத்தில் ஒரு கட்டி என்று ஸ்கேனில் தெரிந்த அன்று, அவர் முதலில் கேட்டது "கணையம்னா என்னடா?" என்பதுதான். வயிற்றுக்குப் பின்னால் இருக்கிறது, செரிக்க நீர் சுரக்கிறது, சர்க்கரையையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது என்றேன்.

"இத்தன வருசமா உள்ள இருந்துக்கிட்டு ஒரு சத்தம் இல்லையே, கள்ளப்பய."

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அதனால் மின்கட்டணம் முதல் கணையம் வரை எல்லாம் என் துறை. நான் படித்தது என்னவோ கட்டடப் பொறியியல்.

கட்டி கணையத்தின் வால் பகுதியில் இருந்தது. அந்தத் துண்டை எடுத்துச் சோதித்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும். வயிற்றைத் திறந்தும் எடுக்கலாம், ரோபோ கொண்டு சிறு துளைகள் வழியாகவும் எடுக்கலாம், இவருக்கு இரண்டுமே பொருந்தும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் சிங்கப்பூர் மருத்துவமனையின் அறுவை மருத்துவரான சீனப் பெண்மணி. லிஃப்டில் இறங்கும்போதே அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"என்னடா, நம்மகிட்ட கேக்குறாங்க? அவங்களுக்கே தெரியலையா?"

"நோயாளியோட விருப்பத்தக் கேக்குறதுதான்ப்பா இங்க முறை."

"சீனி போடவா வேணாமான்னு கேக்க இது என்ன டீயா?"

அப்பா லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தில் பரோட்டா மாஸ்டர். கூட்டமில்லாத பிற்பகலில் அங்கேயே போய் விளக்கினேன். திறந்தால் நீண்ட வெட்டு, வலி அதிகம், வீடு திரும்பத் தாமதமாகும். ரோபோ என்றால் பெரும்பாலும் சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் ஆபரேஷன் நீளலாம், நடுவில் சிக்கலானால் திறக்கவும் நேரலாம். எடுக்கப்போவது எப்படியும் அதே துண்டு. பிறகு கணைய நீர் கசியும் அபாயமும் இரண்டிலும் உண்டு.

"நடுவுல கரண்ட் போச்சுன்னா?" என்றார் டீ மாஸ்டர்.

"சிங்கப்பூர்ல எங்கலா கரண்ட் போகுது?" என்றார் கல்லாவில் இருந்த அக்கா.

அப்பா மாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "அதெல்லாம் சரி. மெஷினுக்குக் கைராசி இருக்குமா?"



அடுத்த சந்திப்பில் மருத்துவரிடமே கேட்கச் சொன்னார். சிலர் தொட்டாலே நோய் குணமாகும் என்று நாங்கள் நம்புவோம், உங்கள் கை அப்படிப்பட்டதா என்று அப்பா கேட்கிறார் என ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தன்னிடம் வருபவர்களில் சீன நாட்காட்டி பார்த்து நல்ல நாள் கேட்பவர்களும் உண்டு என்றார். ரோபோ தானாக எதுவும் செய்யாது, அதே அறையில் உட்கார்ந்து தான் விரலை அசைத்தால்தான் அது அசையும் என்று சொல்லி, இரு கைகளையும் மேசைமேல் நீட்டினார்.

அப்பா குனிந்து பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பச் சொல்லியும் பார்த்தார்.

"நகத்த ஒட்ட வெட்டியிருக்காங்க. நல்ல கை. மெஷின்லயே செய்யச் சொல்லு. ராசி ஒயர் வழியா வந்துரும்."

அறுவை நடந்த அன்று, எல்லாருக்கும் எல்லாம் விளக்கிய எனக்கு விளக்க ஆள் இல்லை. மதியத்துக்குமேல் மருத்துவர் வெளியே வந்து, முழுக்க ரோபோவிலேயே முடிந்தது, திறக்க வேண்டியிருக்கவில்லை என்றார்.

பிறகு ஒருநாள் பரிசோதனை முடிவுக்காகப் போனோம். புற்றுநோய் இல்லை என்றார் மருத்துவர். எனக்குக் கண் கலங்கி, கையிலிருந்த அறிக்கையின் எழுத்தெல்லாம் மங்கியது. அப்பாவோ சட்டையைத் தூக்கித் தழும்புகளைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தன ஓட்டன்னு நீயே எண்ணிப் பாருடா. கத்தியால வெட்டியிருந்தா ஒரே தழும்போட போயிருக்கும்லா."