பச்சை மோட்டாரும் ஃபிரிட்ஜ் வைக்கும் மூலையும்

எங்கள் சந்தில் கடைசி வீட்டுக்காரர் ஆட்டோவிலிருந்து ஒரு பச்சை மோட்டாரை இறக்கியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. மர்பி டவுனில் குழாய் வறண்டு கிடந்த கோடை. தண்ணீர் சேர்க்கத் தரைக்கடியில் சம்ப் தோண்டிய எல்லா வீட்டிலும் அதே பச்சை மோட்டார். கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைத்தாலும், "அந்தப் பச்சை இல்லையா?" என்று கேட்டு வாங்கினார்கள். ஊரே மோட்டார் வாங்குகிறது, நாம் ஏன் மோட்டார் கம்பெனியையே வாங்கக் கூடாது?

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். பங்குச் சந்தை பற்றி இரண்டு புத்தகம் படித்திருந்தேன், மூன்றாவதை நானே எழுதலாம் என்ற நினைப்பும் வந்திருந்தது. கையில்தான் காசில்லை. அக்கா அப்போதுதான் சீட்டு எடுத்திருந்தாள். ஃபிரிட்ஜ் வாங்க வைத்திருந்த பணம். அதற்காக அடுப்படியில் ஒரு மூலையைக்கூட ஒழித்துவிட்டாள்.

"லாபத்தைப் பிரிச்சுக் குடுக்க மாட்டாங்கக்கா. தொழில்லயே திருப்பிப் போட்டுப் பெருசாக்குவாங்க. பங்கோட விலை ஏறும்" என்று விளக்கினேன். முதல் வாக்கியத்தை மட்டும், எங்கள் வீட்டு சம்ப் மோட்டார் இரைந்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னேன்.

அந்தச் சீட்டுப் பணத்தில் பங்குகள் அக்கா பெயரில் வந்தன. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்ப் படுத்தன. லாபக் காசு வருமென்று ஒரு வருஷம் அக்கா தபால்காரரை எதிர்பார்த்தாள். கடைசியில் வந்தது வழவழப்பான ஆண்டறிக்கை, முதல் பக்கத்தில் சேர்மன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"லாபம்னு போட்டிருக்கான். நம்மளுது எங்கடி?"

"உள்ளயே போட்டுட்டாங்கக்கா."

"எதுக்குள்ள?"

அன்று மத்தியானம் பால் திரிந்தது. ஃபிரிட்ஜ் மூலையில் துடைப்பம் நின்றுகொண்டிருந்தது.

"சீட்டுல ஏலத்துல தள்ளின காசாவது மாசாமாசம் பிரிச்சு வருது. இதுல ஒண்ணுமே இல்ல. வித்துக் குடு."

விலை ஏறித்தான் இருந்தது. இன்னும் ஏறும் என்று என் புத்தகங்கள் சொல்லின. அக்காவுக்கோ பேப்பரில் ஏறும் விலை வானிலை அறிக்கை மாதிரி. விற்றால் தீர்ந்தது. என்னை நம்பி இனி மளிகை வாங்கக்கூட அனுப்பமாட்டாள்.

"கம்பெனியோட வருஷக் கூட்டம் நடக்குது. ஓனரையே நீ எழுந்து நின்னு கேக்கலாம். டிபனும் உண்டு" என்றேன். அவள் கேள்விக்காக வந்தாள், நான் டிபனுக்காகப் போனேன்.

கூட்டத்தில் பாதிப் பேர் மேடையைப் பார்க்கவில்லை, டிபன் டப்பா வரும் வாசலைத்தான் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருவர், "வருஷா வருஷம் வரேம்மா. மைசூர்பாகு நல்லா இருக்கும். வேற எதையும் எதிர்பாக்காதீங்க" என்று அக்காவுக்குத் தைரியம் சொன்னார்.

அக்கா தன் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். பட்டுப்புடவை. கையில் மைக். கன்னடத்தில்தான் பேசினாள், ஆனால் குரல் அப்படியே எங்கள் சந்துக் குரல்.

"சார், நாங்க பொம்பளைங்க சேர்ந்து சீட்டு போடறோம். ஒருத்தி எடுத்தா அடுத்தது இன்னொருத்தி. நீங்களே வருஷா வருஷம் எடுத்துட்டிருக்கீங்க. எங்க முறை எப்ப?"

மைசூர்பாகு மெல்லும் சத்தம் நின்றது. சேர்மன் சிரித்தார். பீன்யா தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷெட் கட்டியிருப்பதாகவும், புது மெஷின்கள் இறக்கியிருப்பதாகவும், எல்லாம் உங்கள் பணம்தான் என்றும் சொன்னார்.

"சரி. அதைக் காட்டுங்க."

எனக்கு இது புதிதில்லை. சந்தில் யாராவது முதல் தவணையிலேயே சீட்டு எடுத்தால், அடுத்த வாரம் அக்கா கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போவாள். திரும்பி வந்து, "பீரோ புதுசு. உருப்படியாத்தான் பண்ணியிருக்கா" என்பாள். ஒன்றும் கண்ணில் படவில்லையென்றால் அடுத்த முறை ஜாமீன் கேட்பாள்.

அவ்வளவு பேர் முன்னால் சேர்மன் வேறென்ன சொல்வார்? "சனிக்கிழமை வாங்கம்மா" என்றார். பெரியவர் கை தட்டிவிட்டு, இரண்டாவது டப்பாவுக்குப் போனார்.

பஸ்ஸில் அக்கா தீர்ப்பைச் சொன்னாள். "ஷெட்டு இருந்தா வெச்சுக்கலாம். இல்லன்னா அங்கிருந்தே நேரா புரோக்கர்கிட்ட, அப்புறம் ஃபிரிட்ஜ் கடை."

வியாழக்கிழமை எங்கள் சம்ப் மோட்டார் புகைந்து நின்றுபோனது. நான் பங்கு வாங்க வைத்த அதே கம்பெனியின் பச்சை மோட்டார். அக்கா காதில் விழாமல் மெக்கானிக்கைக் கூப்பிடப் பார்த்தேன். அதற்குள் அவளே வந்து குனிந்து முகர்ந்தாள். நான் திட்டுக்குத் தயாரானேன்.

"நல்லதாப் போச்சு. கூப்பிட்டாங்கன்னு வெறுங்கையோட போய் எப்படி நிக்கறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். இதைத் தூக்கிட்டுப் போலாம்."

"இதென்னக்கா, கறிவேப்பிலையா?"

"அவங்க காட்டறதை மட்டும் பாத்தாப் போதாது. நீ ஆபீஸ்ல உக்காந்து, ஏன் எரிஞ்சுதுன்னு அவங்களைக் கேட்டுட்டே இரு. நான் அப்படியே பின்பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

மோட்டாரைப் பழைய புடவையில் மூட்டை கட்டி ஃபிரிட்ஜ் மூலையில் வைத்தோம். துடைப்பத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை காலை, அந்த மூட்டையோடு எங்களை பீன்யா வரைக்கும் மீட்டருக்கு ஏற்றிப்போக சம்மதிக்கும் ஆட்டோக்காரரைத் தேடிப் பிடிப்பது என் பொறுப்பு.