கண்ணாடிப் பெட்டிக்குள் முருகன்

கூட்டமான கலைக்கூடத்தை நிம்மதியாகப் பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. காலையிலேயே போய், மூன்று அறைகளை மட்டும் பார்த்து, இடையில் சற்று உட்கார்ந்துகொள்வேன். கண்டியில் ஒரு விடுமுறை நாளில், வரிசையில் என் பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்திலிருந்து தனியாக வந்திருந்தார். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடியே, "அப்ப ஒங்க பின்னாலயே வர்றேங்க" என்றார்.

வாசலில் செருப்பைக் கழற்றினார். இங்கே தேவையில்லை என்றேன்.

"பரவாயில்லீங்க."

உள்ளே ஒரே நெரிசல். அவருடைய வெறுங்கால்களைச் சப்பாத்துகள் மிதித்தன. முதல் அறையிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்கல முருகன் நின்றார். அம்மா பையைத் திறந்து சூடமும் நெருப்புப்பெட்டியும் எடுத்தார். "எபா, எபா" என்று சிங்களத்தில் தடுத்துக்கொண்டே காவலாளி கூட்டத்தை விலக்கி ஓடிவந்தார். குச்சியை உரசுவதற்குள் அம்மாவின் கையைப் பிடித்துவிட்டேன்.

"இங்க சூடம் கொளுத்தக் கூடாதும்மா. பார்க்கிறது மட்டுந்தான்."

நெருப்புப்பெட்டியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார்.

"அப்ப இத்தன பேரும் எதுக்குங்க வந்திருக்காங்க?"

கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். திட்டப்படி மற்ற இரண்டு அறைகளுக்கும் நான் போனேன். யாராவது என்னிடமும் அதையே கேட்டுவிடுவார்களோ என்று இருந்தது.