சாக்கில் போன சாமிகள்

நாகரிகம் நைல் நதிக்கரையில் பிறந்தது என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்த அதே வாரத்தில்தான் எங்கள் ஊர்ச் சாமிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். மனிதன் முதன்முதலில் விதைத்ததும் ஊர் கட்டியதும் எகிப்திலும் பாபிலோனிலும் என்றார் அவர். அப்போது நம்ம பக்கம் என்ன இருந்தது என்று கேட்டேன். "முள்ளுக்காடு இருந்துது. உக்காருடா," என்றார். நான்காவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றப் போனவன் நான். படித்த கொஞ்சத்தில் மறக்காமல் இருப்பது அந்தப் பதில்தான்.

எங்கள் ஊர் பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம், ஒரு கரட்டுக் குன்றின் அடியில் இருந்தது. மானாவாரிக் காட்டை உழும்போது சில சமயம் ஏர்க்கொழுவில் ஒரு கல் தட்டுப்படும். கறுப்பாக, வழவழப்பாக, உள்ளங்கையில் அடங்கும். ஒரு முனை கூம்பியிருக்கும். மறுமுனை விரலைக் கிழிக்கும். இடியோடு வானத்திலிருந்து விழுந்த கல் என்பார்கள். அதை யாரும் எறியமாட்டார்கள். கழுவி, மஞ்சள் பூசி, வேப்பமரத்தடிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நட்டுவிடுவார்கள்.

என் தங்கைக்கு வலிப்பு வரும். களை வெட்டும்போது கிடைத்த ஒரு கல்லை அம்மா அவள் பேரில் நட்டிருந்தாள். தினமும் விடிந்ததும் அதன்மேல் தண்ணீர் ஊற்றி, வழிந்ததைப் பிடித்துத் தங்கைக்குப் புகட்டுவாள். வைத்தியருக்குக் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. அந்தக் கல்தான் வைத்தியம்.

அஸ்தம்பட்டியில் ஒரு பங்களாவில் தங்கியிருந்த வெள்ளைக்காரத் துரையை என் தாய்மாமன் தன் மாட்டுவண்டியில் கூட்டிவந்தார். துரை வேப்பமரத்தடியில் மண்டியிட்டார். ஒவ்வொரு கல்லையும் இரண்டு கையாலும் எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, வரிசையாக அடுக்கினார். ஊரே கூடிவிட்டது.

"பாத்தீங்களா, தொரையே மண்டி போட்டுட்டாரு. நம்ம சாமின்னா லேசுப்பட்டதுங்களா?" என்றார் மாமா.

யாரோ தேங்காய் உடைத்தார்கள். அம்மா ஓடிப்போய்க் கற்பூரம் கொண்டுவந்து ஏற்றினாள். அது எரிந்து முடிவதற்குள் கற்களெல்லாம் சாக்குக்குள் போய்விட்டன. பிள்ளையாரை மட்டும் விட்டுவைத்தார் துரை. பிள்ளையார் அவ்வளவு பழசில்லையாம்.

சாக்கைத் தூக்கி வண்டியில் வைத்ததும் மாமாதான்.

"ஏனுங்கண்ணா, எம் புள்ளையோட கல்லு அதுல இருக்குதுங்க," என்றாள் அம்மா.

"சும்மா இரு அம்மிணி. கல்லுதான, காட்டுல இன்னும் எத்தனையோ கெடக்குது. தொரகிட்ட மல்லுக்கு நிக்கச் சொல்றியா?"

கூடியிருந்த ஆண்பிள்ளைகள் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். நான் வண்டிக்கு முன்னால் போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். துரை கோபப்படவில்லை. புத்தகத்தில் படித்த தமிழில் பேசினார்: "தம்பி, இது கடவுள் அன்று. பழங்கால மனிதர் செய்த கோடரி. இதைக்கொண்டு மரம் வெட்டி, முதன்முதலில் இந்த நிலத்தைத் திருத்தினார்கள். எல்லோரும் பார்க்கும்படி கண்ணாடிப் பெட்டியில் வைப்போம்."

"நாங்க தெனமும் பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கறோம்," என்றேன்.

அம்மா என் பின்னால் வந்து நின்றாள். "செஞ்சவங்க எங்கீங்க போயிட்டாங்க?"

"அவர்கள் அழிந்துபோன இனம், அம்மா."

"செத்தவங்க ஊட்டுச் சாமானுன்னா கேக்காம எடுத்துக்கலாமுங்களா?"

துரை மாமாவைப் பார்த்தார். மாமா வண்டியிலிருந்து இறங்கிவந்து என் விரல்களைக் கயிற்றிலிருந்து பிய்த்தெடுத்தார். முதுகில் ஒன்று வைத்துவிட்டு வண்டியை ஓட்டினார்.

மறுநாள் அம்மா ஏரியோரம் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிவந்து நட்டு, அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். தங்கை பிழைத்துக்கொண்டாள்; பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அதனால் நடந்தது திருட்டில்லை என்று ஆகிவிடாது. பிற்பாடு பட்டணத்தில் அப்படிப்பட்ட கற்களைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். ஜில்லாவின் பெயரை எழுதியிருந்தார்கள்; எந்த ஊர், யார் காடு என்று ஒரு சொல் இல்லை. கையை வைக்காதே என்று காவல்காரன் அதட்டினான்.

அன்றைக்கு எனக்குச் சாமி போன ஆத்திரம் ஒன்றுதான். அழிந்துபோன இனம் என்று துரை சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். அந்த நிலத்தையே இன்னமும் உழுது களை வெட்டிக்கொண்டிருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் அதைச் சொன்னார் என்பது எனக்கு உறைக்கவில்லை.